கிராபிக்ஸ் நன்றாக இருந்தால் கன்சோல் விற்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய கன்சோல், அதாவது கேம் ஆடுவதற்கென்றே செய்த இயந்திரம், அறிவிப்பு வரும்போதெல்லாம் சொந்தக்காரப் பையன்களும் கூட வேலை செய்கிறவர்களும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். விற்பனை எண்கள் எல்லாம் உலக அளவிலானவை, கோடியில் தோராயமாகச் சொல்லியிருக்கிறேன். டாலர் விலைகள் அமெரிக்காவில் அறிமுகமானபோது இருந்தவை.

நேராகவே சொல்லுங்கள்: கிராபிக்ஸ் முக்கியமா, இல்லையா?

முக்கியம்தான். கடை வாசலில் ஓடுகிற டெமோவைப் பார்த்து நிற்காத பையன் கிடையாது. ஆனால் நின்று பார்க்கிற எல்லோரும் வாங்குவதில்லை. வாங்கும்போது வேறு கணக்கு வந்துவிடுகிறது. என்ன விலை, என்னென்ன கேம் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையனிடம் எது இருக்கிறது, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்.

நல்ல படம் சும்மா வருவதில்லை, அதற்கு ஒரு பில் உண்டு. பேட்டரியாகவோ, விலையாகவோ, சூடாகவோ, கேம் செய்து முடிக்க ஆகிற வருஷங்களாகவோ யாராவது ஒருவர் அதைக் கட்டியாக வேண்டும். அந்தப் பில் ஆடுகிறவன் தலையில் விழுந்தபோது, படத்தில் கெட்டிக்கார கன்சோல் பெரும்பாலும் தோற்றிருக்கிறது. அவனுக்குத் தெரியாமல் வேறு யாராவது கட்டிவிட்டபோது நல்ல படம் நன்றாகவே விற்றிருக்கிறது. கீழே வருகிற கதைகளை இந்தக் கண்ணோடு படித்தால் சரியாக இருக்கும்.

கேம் பாய் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

1989-இல் நின்டெண்டோ, கையில் வைத்து ஆடுகிற கேம் பாயை வெளியிட்டது. பாசி படிந்த மாதிரி ஒரு பச்சைத் திரை. வண்ணம் கிடையாது, வெளிர் முதல் கருமை வரை நான்கே நான்கு நிழல்கள். குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 144 புள்ளி. திரைக்குப் பின்னால் விளக்கு இல்லாததால் ஜன்னல் ஓரமாகவோ டியூப்லைட்டுக்குக் கீழேயோ உட்கார்ந்துதான் ஆட வேண்டும். எதுவும் வேகமாக ஓடினால் பின்னால் ஒரு மங்கலான வால் இழுபடும்.

அதே வருஷம் அட்டாரியின் லிங்ஸ் வந்தது. அடுத்த வருஷம் சேகாவின் கேம் கியர். இரண்டிலும் முழு வண்ணம், இரண்டிலும் திரைக்குப் பின்னால் வெளிச்சம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் அவற்றின் தாத்தா மாதிரி இருக்கும். சேகா தன் விளம்பரங்களிலேயே அதைக் கேலி செய்தது.

இப்போது பில்லைப் பார்ப்போம். அந்தக் காலத்தில் திரைக்குப் பின்னால் வெளிச்சம் என்றால் உள்ளே ஒரு குட்டி ஃப்ளோரசன்ட் குழாய். கேம் கியருக்கு, சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அந்தச் சின்ன பேட்டரி ஆறு வேண்டும். 3 முதல் 5 மணி நேரத்தில் எல்லாம் காலி. லிங்ஸுக்கும் ஆறுதான், அதுவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் தாங்கும். கேம் பாய் நான்கு பேட்டரியில் 15 மணி நேரம் ஓடும், சில சமயம் அதற்கு மேலும். கேம் பாயில் நான்கு பேட்டரிக்கு ஆடுகிற நேரத்தைக் கேம் கியரில் ஆட வேண்டுமென்றால் 18 முதல் 30 பேட்டரி வரை வாங்க வேண்டும். சின்னப் பையன் அப்பாவிடம் எத்தனை தடவை பேட்டரிக்குக் காசு கேட்க முடியும்? அப்புறம் விலை. கேம் பாய் 90 டாலர், கேம் கியர் 150, லிங்ஸ் 180.

கேம் பாயை வடிவமைத்த குன்பெய் யோகோய் இதைத் தெரிந்தேதான் செய்தார். புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே, எல்லோருக்கும் பழகி விலை இறங்கிப்போன சாமானை எடுத்து அதை யாரும் நினைக்காத வழியில் பயன்படுத்து என்பது அவருடைய கொள்கை.

வால் இழுபடுகிற அந்தத் திரைக்கு ஏற்ற கேமும் கிடைத்தது: டெட்ரிஸ். மேலிருந்து மெதுவாக விழுகிற கட்டைகளுக்கு வண்ணம் எதற்கு? 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ் அதை முதலில் எழுதிய கம்ப்யூட்டரில் படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறி எழுத்துகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். அமெரிக்காவில் கேம் பாய் வாங்கினால் டெட்ரிஸ் கேசட் பெட்டியிலேயே வந்தது.

முடிவு தெரிந்ததுதான். பின்னால் வந்த வண்ண கேம் பாயையும் சேர்த்து ஏறக்குறைய 11.9 கோடி விற்றது. கேம் கியர் ஒரு கோடியைச் சற்றே தாண்டியது. இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் 1996-இல் நடந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகி, உலகமே முப்பரிமாணம் பேசிக்கொண்டிருந்தபோது, ஏழு வயதான அந்தப் பச்சைத் திரையில், பிராணிகளைப் பிடிக்கிற கேமான போகிமான் வந்தது. இரண்டு கேம் பாய்களை ஒரு ஒயரால் இணைத்துப் பிடித்த பிராணிகளை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகள் பார்த்தது அந்த ஒயரைத்தான், திரையை அல்ல.

அப்படியானால் சுமாரான படம் போதும், விலை குறைவாக இருந்தால் ஜெயித்துவிடலாமா?

அதுவும் இல்லை. அதே யோகோய் 1995-இல் வர்ச்சுவல் பாய் என்ற ஒன்றைச் செய்தார். மேசைமேல் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அதற்குள் முகத்தை விட்டு ஆட வேண்டும். எல்லாமே சிவப்பு, பின்னணி கருப்பு. கழுத்து வலி, கண் வலி. பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. மொத்தம் 7.7 லட்சம்தான் விற்றது, ஒரு வருஷத்துக்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். மலிவான சிவப்பு எல்இடி என்ற அதே சிக்கனப் புத்திதான், ஆனால் இந்தத் தடவை பில் ஆடுகிறவன் கழுத்துக்குப் போனது.

நின்டெண்டோவிடமிருந்து வீ யூ என்று 2012-இல் வந்ததையும் சொல்லலாம். அதன் முந்தைய கன்சோலான வீயைவிடப் படம் பல மடங்கு தெளிவு. விற்றது 1.4 கோடிகூட இல்லை. இது புது கன்சோலா, பழைய வீக்கு மாட்டுகிற துணைச் சாமானா என்றே பாதிப் பேருக்குப் புரியவில்லை.

கிராபிக்ஸே ஒரு கன்சோலைத் தூக்கி நிறுத்திய கதை உண்டா?

உண்டு. கிராபிக்ஸ் ஒரு பொருட்டே இல்லை என்று பேசுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிற கதை இது.

1994 கடைசி. சூப்பர் நின்டெண்டோவுக்கு ஜப்பானில் நான்கு வயதாகிவிட்டது. பிளேஸ்டேஷனும் சேகா சாட்டர்னும் வாசலில் நிற்கின்றன. அப்போது இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் டாங்கி காங் கன்ட்ரி என்ற கேமைக் கொண்டுவந்தது. பார்த்தவர்களுக்கு நம்ப முடியவில்லை. குரங்கின் உடம்பு உருண்டு திரண்டு, வெளிச்சம் ஒரு பக்கம், நிழல் மறு பக்கம். பழைய கன்சோலில் இது எப்படி?

தந்திரம் எளிமையானது. சினிமா கிராபிக்ஸ் செய்கிறவர்கள் பயன்படுத்திய சிலிக்கன் கிராபிக்ஸ் கம்ப்யூட்டர்களில் அந்தக் குரங்கை முப்பரிமாண உருவமாகச் செய்தார்கள். அது நடப்பது, குதிப்பது, மார்பில் அடித்துக்கொள்வது என்று ஒவ்வொரு நிலையையும் தட்டையான சின்னப் படமாக எடுத்துக் கேசட்டில் போட்டுவிட்டார்கள். கன்சோல் செய்ததெல்லாம் அந்தப் படங்களை வரிசையாகக் காட்டியது மட்டும்தான். கஷ்டமான கணக்கையெல்லாம் ரேரின் ஸ்டுடியோவில் இருந்த விலையுயர்ந்த கம்ப்யூட்டர் முன்கூட்டியே போட்டு முடித்துவிட்டது. வாங்கியவன் கூடுதலாக எதுவும் மாட்டவில்லை, கன்சோல் சூடாகவும் இல்லை. அந்த கேம் 90 லட்சத்துக்கு மேல் விற்றது.

கேமாக அது மற்ற பலவற்றைவிட ஒன்றும் புதிதில்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்த கிறிஸ்துமஸுக்கு அது விற்றது படத்தால்தான், அதில் சந்தேகமே இல்லை.

நின்டெண்டோ 64, பிளேஸ்டேஷனைவிடச் சக்தி வாய்ந்தது. பிறகு ஏன் தோற்றது?

முதல் பிளேஸ்டேஷனில் எதையாவது இப்போது ஓட்டிப் பாருங்கள். சுவர்கள் தண்ணீரில் தெரிகிற மாதிரி நெளியும். தரையில் உள்ள கட்டங்கள் பக்கத்தில் போகப் போகக் கோணலாக வளையும். 1996-இல் வந்த நின்டெண்டோ 64-இல் அந்த நெளிசல் இல்லை, ஓரங்கள் வழுவழுவென்று இருக்கும்.

ஆனால் நின்டெண்டோ கேசட்டை விடவில்லை. ஒரு சிடியில் 650 எம்பி கொள்ளும். நின்டெண்டோ 64-இன் மிகப் பெரிய கேசட்டே 64 எம்பிதான். சுவருக்கும் புல்லுக்கும் ஒட்டுகிற படங்களை வரையும்போது கையில் வைத்துக்கொள்ளும் இடமோ வெறும் 4 கேபி. அதனால் சின்னப் படம் ஒன்றை இழுத்து நீட்டி ஒட்டுவார்கள், எல்லாம் மசமசவென்று தெரியும். தூரத்தில் இருப்பதை வரைய முடியாமல் மூடுபனி போட்டு மறைப்பார்கள். அந்தக் கன்சோலின் டைனோசர் வேட்டை கேமான டூரோக்கில், பத்தடி தள்ளி எல்லாமே மார்கழி மாதம்.

ஃபைனல் ஃபேன்டசி கேம்கள் அதுவரை நின்டெண்டோவில்தான் வந்துகொண்டிருந்தன. ஏழாவது பாகத்தில் சினிமா மாதிரி காட்சிகள் வைக்க நினைத்த ஸ்குவேர் நிறுவனத்துக்குக் கேசட் போதவில்லை. 1997-இல் மூன்று சிடிகளில் பிளேஸ்டேஷனுக்குப் போய்விட்டது. கேசட் தயாரிக்க அதிகச் செலவு, சிடி அடிப்பது கொஞ்சக் காசு. மற்ற கம்பெனிகளும் அதே கணக்கைப் போட்டன. பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது, நின்டெண்டோ 64 ஏறக்குறைய 3.3 கோடி.

இதில் கிராபிக்ஸ் தோற்றது என்று சொல்லமாட்டேன். சிடியில் வந்த அந்த சினிமாக் காட்சிகளும் கிராபிக்ஸ்தானே? சிப்பின் பலம் ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற படம் இன்னொன்று. விளம்பரத்தில் எழுதுவது முன்னதை, வாங்குகிறவன் பார்ப்பது பின்னதை.

பிளேஸ்டேஷன் 2 தன் காலத்தில் சிறந்த கிராபிக்ஸ் கொண்டதா?

இல்லை. பின்னால் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸும் நின்டெண்டோவின் கேம்கியூபும் படத்தில் அதைவிட முன்னே. எக்ஸ்பாக்ஸில் ஹார்டு டிஸ்க்கே இருந்தது. விற்றதோ எக்ஸ்பாக்ஸ் 2.4 கோடி, கேம்கியூப் 2.2 கோடிக்குச் சற்றுக் குறைவு. பிளேஸ்டேஷன் 2 தனியாக 16 கோடி.

முதலில் வந்தது, டிவிடி படம் ஓட்டியது, பழைய பிளேஸ்டேஷன் சிடிகளையும் ஏற்றுக்கொண்டது. டிவிடி பிளேயர் விலை அதிகமாக இருந்த காலம் அது, வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வாங்குவதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

நின்டெண்டோ வீ எப்படி பிளேஸ்டேஷன் 3-ஐ முந்தியது?

2006-இல் இரண்டும் சில நாள் இடைவெளியில் வந்தன. பிளேஸ்டேஷன் 3-இல் எச்டி படம், புளூரே, செல் என்ற புது வகை பிராசசர். விலை 500 டாலர் அல்லது 600 டாலர். வீயில் எச்டி கிடையாது. அதன் உள்பாகம் கேம்கியூபைக் கொஞ்சம் வேகப்படுத்தியது மாதிரிதான். விலை 250 டாலர். அப்போது பெரும்பாலான வீடுகளில் இருந்தது முதுகு தள்ளிய பழைய டிவி. அதில் எச்டி கன்சோலை மாட்டினாலும் அந்தத் தெளிவு முழுசாக வராது.

வீயின் ரிமோட்டைக் கையில் பிடித்து வீசினால் திரையில் பந்து உருளும். அது போதும். கேம் பக்கமே வராத அம்மாக்களும் தாத்தாக்களும் எழுந்து நின்று ஆடினார்கள். வீ 10 கோடியைத் தாண்டியது. பிளேஸ்டேஷன் 3 8.7 கோடி, எக்ஸ்பாக்ஸ் 360 8.4 கோடி.

ஆனால் ஒன்றை விட்டுவிடக் கூடாது. வீயின் பில் தாமதமாக வந்தது. மற்ற இரண்டு கன்சோலுக்கும் செய்த பெரிய கேம்களை வீக்குக் கொண்டுவர முடியவில்லை. வீட்டுக்கு வீடு எச்டி டிவி வந்தபிறகு அந்த மங்கல் கண்ணை உறுத்தியது. முதல் நான்கு வருஷம் கொடி கட்டிப் பறந்த கன்சோல் பிறகு பரணுக்குப் போனது. படத்தில் பின்தங்குவது தப்பில்லை, மற்றவர்களுக்கு வருகிற கேமே தனக்கு வராத அளவுக்குப் பின்தங்குவதுதான் தப்பு. 2017-இல் வந்த ஸ்விட்ச்சும் போட்டியாளர்களைவிடப் பலம் குறைந்ததுதான், நெடுக்கே 720 புள்ளி உள்ள 720பி திரைதான். ஆனால் படத்தைக் குறைத்துக்கொண்டால் பெரிய கேம்களும் அதில் ஓடின, டிவியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். 15 கோடியைத் தாண்டிவிட்டது.

எக்ஸ்பாக்ஸ் ஒன் அடி வாங்கியது கிராபிக்ஸால்தானே?

பாதி சரி. 2013-இல் வந்தபோது கால் ஆஃப் டூட்டி என்ற சண்டை கேமின் அந்த வருஷப் பாகம் பிளேஸ்டேஷன் 4-இல் 1080பி, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 720பி. இரண்டு சோபா தள்ளி உட்கார்ந்தால் எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் எண்ணாகச் சொல்ல முடிகிற வித்தியாசம், சண்டை போட வசதியானது. அதோடு உடம்பின் அசைவைப் பார்க்கிற கினெக்ட் கேமராவைக் கட்டாயமாகச் சேர்த்ததால் விலை 500 டாலர், பிளேஸ்டேஷன் 4 400 டாலர். அதிகப் பணம் கொடுத்துக் குறைந்த படம் வாங்க யாருக்கு மனசு வரும்?

கதையின் மறுபாதி 2017-இல். மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் என்று அந்த நேரத்தின் மிகச் சக்திவாய்ந்த கன்சோலைக் கொண்டுவந்தது. தராசு அசையவே இல்லை. அதற்குள் நண்பர்கள் எல்லோரும் வேறு பக்கம் போய், வாங்கிய கேம்களும் அங்கேயே சேர்ந்துவிட்டன. படத்தில் பின்னால் இருந்தது வலித்தது, ஆனால் முன்னால் வந்தது குணமாக்கவில்லை.

4கே முக்கியமா, 60 ஃபிரேம் முக்கியமா?

4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள். 1080பி-யில் 21 லட்சம். நான்கு மடங்கு வேலை. ஃபிரேம் என்பது ஒரு விநாடியில் காட்டுகிற படங்களின் எண்ணிக்கை. 30 ஃபிரேம் என்றால் ஒரு படத்தை வரைய கன்சோலுக்கு 33 மில்லி விநாடி கிடைக்கும், 60 என்றால் அதில் பாதிதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் இயந்திரம் எங்கே போகும்? அதனால்தான் இப்போது பல கேம்களில் அழகா, வேகமா என்று கேட்டு இரண்டு மோடு வைக்கிறார்கள்.

2024-இல் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை அறிமுகம் செய்தபோது அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னியே சொன்ன தகவல்: இப்படிக் கேட்டால் ஏறக்குறைய நான்கில் மூன்று தடவை ஆடுகிறவர்கள் வேகத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அழகுக்காகவே 500 டாலர் கொடுத்து வாங்கியவர்கள், வீட்டுக்குப் போய் அழகைக் குறைத்து வைத்துக்கொள்கிறார்கள்! இரண்டையும் விடாமல் வேண்டும் என்பவர்களுக்கு ப்ரோ. டிஸ்க் டிரைவ் இல்லாமலே 700 டாலர்.

நம் ஊரில் பெரும்பாலும் போனில்தான் ஆடுகிறார்கள். அங்கே கிராபிக்ஸ் எப்படி?

என் அக்கா மகன் வீட்டில் நச்சரித்து நச்சரித்து நல்ல போன் வாங்கினான். முதல் வேலையாக, பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ செட்டிங்ஸில் போய்க் கிராபிக்ஸை ‘ஸ்மூத்’ என்ற கீழ்ப் படிக்கு இறக்கினான். எச்டிஆர் எல்லாம் மேலே இருக்கிறது, தொடவே இல்லை. ஃபிரேம் ரேட்டை மட்டும் உச்சத்தில் வைத்தான். ஏன்டா இவ்வளவு செலவு பண்ணி வாங்கிவிட்டுப் படத்தைக் குறைக்கிறாய் என்றேன்.

“அழகா வச்சா செத்துருவோம் மாமா” என்றான்.

அவன் சொன்னது சரி. அந்த கேமில் உச்ச ஃபிரேம் ரேட் வேண்டுமென்றால் படத்தை இறக்கித்தான் ஆக வேண்டும். எதிராளி சுவர் ஓரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதை இரண்டு ஃபிரேம் முன்னால் பார்ப்பவன் பிழைக்கிறான். படத்தை ஏற்றினால் போனும் சூடாகும். சூடானால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், சரியாகக் கடைசி வட்டத்தில் லேக் அடிக்கும். சித்திரை வெயிலில், மின்விசிறி இல்லாத அறையில், சார்ஜ் போட்டபடியே ஆடிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஃப்ரீ ஃபயர் இங்கே அவ்வளவு பரவியதற்கும் இதுதான் காரணம். பப்ஜி பக்கத்தில் வைத்தால் அது பொம்மைப் படம். ஆனால் அப்பாவின் பழைய போனில், கொஞ்ச ரேமில் ஓடியது. வகுப்பில் நாலு பேருக்கு நல்ல போனும் மீதிப் பேருக்கு சாதாரண போனும் இருந்தால், எல்லோரும் சேர்ந்து ஆடக்கூடிய கேம்தான் ஜெயிக்கும். 2022 பிப்ரவரியில் அரசு அதைத் தடை செய்தது வேறு கதை.

மைன்கிராஃப்ட் கட்டம் கட்டமாக இருக்கிறதே, அதை எப்படி 30 கோடிக்கு மேல் வாங்கினார்கள்?

அந்தக் கட்டம்தான் கேமே. ஒரு கட்டையை உடைக்கலாம், எடுக்கலாம், வேறு இடத்தில் வைக்கலாம் என்று பார்த்தவுடனே தெரிகிறது. அதையே நிஜ மண் மாதிரி வழுவழுப்பாகச் செய்திருந்தால், எதைத் தோண்டலாம் எதைத் தோண்ட முடியாது என்று ஒவ்வொரு இடத்திலும் யோசிக்க வேண்டியிருக்கும்.

படத்தின் பாணி ஒன்று, படத்தின் தொழில்நுட்பம் இன்னொன்று. 2000-இல் நின்டெண்டோ ஒரு கண்காட்சியில் செல்டா கேமின் நாயகனை நிஜ மனிதன் மாதிரி வாள் சண்டை போட வைத்துக் காட்டியது. அடுத்த வருஷம் பார்த்தால் பெரிய கண், கார்ட்டூன் பையன். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். 2002-இல் விண்ட் வேக்கர் என்ற பெயரில் வந்த அந்த கேமை இன்று ஓட்டினாலும் அழகு குறையவில்லை. அதே காலத்தில் நிஜம் மாதிரி செய்கிறோம் என்று வந்த முகங்களை இன்று பார்த்தால் மெழுகு பொம்மை.

குறையையே பாணியாக மாற்றியதும் உண்டு. 1999-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த சைலன்ட் ஹில் பேய் ஊரில் எங்கும் பனி. தூரத்துத் தெருவை வரைய கன்சோலுக்குத் தெம்பில்லை, அதனால் மூடினார்கள். பயமே அந்தப் பனியிலிருந்துதான் வந்தது. டூரோக்கிலும் பனிதான், ஆனால் அங்கே எரிச்சல், இங்கே நடுக்கம்.

கிராபிக்ஸ் கூடக்கூட கேம்கள் வருவது ஏன் தாமதமாகிறது?

ஒரு நாற்காலி வரைய முன்பு ஒரு மத்தியானம் போதும். இப்போது அதன் துணி, கீறல், வெளிச்சம் பட்டால் மினுங்குகிற ஆணி எல்லாம் வேண்டும். 2023-இல் அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றில் சோனி கொடுத்த ஆவணத்தில் சரியாக மை பூசி மறைக்காததால் ஒரு கணக்கு வெளியே தெரிந்தது: 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு ஆன செலவு 22 கோடி டாலர், வேலை செய்தவர்கள் 200 பேர் அளவில்.

இன்னொரு பக்கம் எரிக் பரோன் என்ற ஒரே ஆள், நான்கு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, சூப்பர் நின்டெண்டோ காலத்துப் புள்ளிப் படத்தில் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை 2016-இல் வெளியிட்டார். 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. எல்லோரும் பரோன் ஆகிவிட முடியாதுதான். ஆனால் ஜிடிஏ ஐந்தாம் பாகம் 2013-இல் வந்து பிளேஸ்டேஷன் 3, 4, 5 என்று மூன்று தலைமுறை ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், புது கன்சோல் வாங்கிப் பழைய கேமையே ஆடுகிறோமே என்று தோன்றாமல் இல்லை.

ரே டிரேசிங் வேண்டுமா?

வெளிச்சம் பட்டுத் திரும்புவதை நிஜம் மாதிரியே கணக்குப் போட்டு வரைவதுதான் ரே டிரேசிங். தரையில் தேங்கிய தண்ணீரில் தெருவிளக்கு தெரிவது அழகுதான். பத்து நிமிஷம் ரசிப்பீர்கள், அப்புறம் அணைத்துவிட்டு வேகத்துக்குப் போவீர்கள்.

பையன் கன்சோல் கேட்கிறான். கிராபிக்ஸ் பார்த்து வாங்கலாமா?

முதலில் அவன் நண்பர்களிடம் எது இருக்கிறது என்று கேளுங்கள். தனியாக உட்கார்ந்து ஆடுவதற்காக எந்தப் பையனும் அவ்வளவு அடம் பிடிப்பதில்லை.

அடுத்து உங்கள் டிவியைப் பாருங்கள். சாதாரண எச்டி டிவி என்றால் 4கே-வுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். டிஸ்க் டிரைவ் உள்ளதா என்று கட்டாயம் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ், பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷன் இரண்டிலும் கிடையாது. டிஸ்க் இருந்தால் ஆடி முடித்ததை விற்கலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம், செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். டிரைவ் இல்லாததை வாங்கினால் ஒவ்வொரு கேமுக்கும் ஆன்லைன் கடை சொல்வதுதான் விலை. கன்சோல் வாங்கும்போது மிச்சமான காசு ஐந்தாறு கேமில் போய்விடும். அடிக்கடி கரன்ட் போகிற இடம் என்றால் கம்ப்யூட்டருக்கு வைக்கிற யுபிஎஸ் ஒன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கேம் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் வீட்டில் கேட்கிற அழுகைக்கு நான் பொறுப்பில்லை.

பழைய டிவி கேமை இப்போதைய எல்இடி டிவியில் மாட்டினால் ஏன் கண்றாவியாக இருக்கிறது?

உங்கள் ஞாபகம் பொய் சொல்லவில்லை. அப்போது நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் காலத்துப் படம் வரைந்தவர்கள் பழைய டிவியை மனதில் வைத்தே வரைந்தார்கள். கண்ணாடிக் குழாய் டிவியில் ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளியோடு லேசாகக் கலந்துவிடும், மஞ்சள் ஒயர் வழியாக வந்தால் இன்னும் கலக்கும். 1991-இன் சோனிக் கேமில் வரும் அருவியைப் பாருங்கள். எல்இடி டிவியில் அது கம்பி ஜன்னல் மாதிரி நெடுக்குக் கோடுகள். பழைய டிவியில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீர் ஆகிவிடும். அந்த கேம் ஓடிய கன்சோலுக்கு அப்படி ஊடுருவித் தெரிகிற படம் வரையத் தெரியாது. டிவியே அந்த வேலையைச் செய்துகொடுத்தது.

எங்கள் வீட்டில் இருந்தது கம்பெனி பெயரே தெரியாத ஒரு டிவி கேம். கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று எழுதியிருக்கும். உள்ளே ஏழெட்டு கேம்தான், மீதியெல்லாம் அதே கேம்கள் வேறு வேறு நம்பரில். அதோடு வாத்து சுடுகிற துப்பாக்கி ஒன்று வந்தது. அதுவும் இப்போதைய டிவியில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். துப்பாக்கியின் முனையில் இருக்கும் சின்னக் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததா என்பதுதான் மொத்தக் கணக்கும். கண்ணாடிக் குழாய் டிவி அதை உடனுக்குடன் வரைந்துவிடும். எல்இடி டிவி படத்தை வாங்கி, யோசித்து, பிறகு காட்டுவதற்குள் கேம் ‘தப்பிவிட்டது’ என்று முடிவு செய்துவிடுகிறது. பரணில் பழைய டிவி இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். தூக்கி இறக்க மட்டும் இரண்டு ஆள் வேண்டும்.